பழைய கிராமபோன்: வாங்கும் முன், திருகைக் கழற்றும் முன் கேட்கப்படும் கேள்விகள்

கையால் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்களைத் தேடி வாங்குவதும், பழுது பார்த்துப் பாட வைப்பதும் பல வருடங்களாக எனக்குள்ள ஈடுபாடு. பரணில் ஒரு பெட்டி கிடைத்தவர்கள், காயலான் கடையில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், ஏற்கெனவே வாங்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் என்று பலரும் கேட்பதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு. பெட்டி கெட்டுப்போனால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். தட்டு தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதனால் எந்த வேலையில் சந்தேகம் வந்தாலும் தட்டின் பக்கம் நில்லுங்கள்.

போனோகிராப், கிராமபோன் இரண்டும் ஒன்றா?

இல்லை. 1877இல் எடிசன் செய்த போனோகிராப் உருளையில் பதிவு செய்தது. முதலில் ஈயத்தாள் சுற்றிய உருளை, பிறகு மெழுகு உருளை. அதில் ஊசி மேலும் கீழும் அசையும். எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை கேட்ட கிராமபோனில் பதிவு ஊசி பக்கவாட்டில் அசையும். அதிலிருந்துதான் தட்டையான இசைத்தட்டு வந்தது. அச்சடித்தது போல ஒரே தட்டை ஆயிரக்கணக்கில் எடுக்க முடிந்ததால் தட்டுதான் நிலைத்தது.

நம் பக்கத்தில் உருளைப் பெட்டி கண்ணில் படுவதே அபூர்வம். அப்படி ஒரு மெழுகு உருளை கிடைத்தால் வெளிப்பரப்பில் விரல் வைக்காதீர்கள். உள்ளே இரண்டு விரலை நுழைத்து விரித்துத் தூக்குங்கள். தண்ணீரில் கழுவாதீர்கள், பூஞ்சையைத் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள். இனி இங்கே சொல்வதெல்லாம் தட்டு ஓட்டும் கிராமபோனைப் பற்றித்தான்.

முதல் பெட்டியாக எதை வாங்கலாம்?

தயங்காமல் சொல்வேன், கிராமபோன் கம்பெனியின் எச்எம்வி (நாய்ப் படம் போட்ட ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’) 102. கைப்பெட்டி மாதிரி மூடி எடுத்துப் போகும் போர்ட்டபிள் அது. 1931இல் வந்து 1950களின் இறுதிவரை தயாரானது. அதனால் இன்றும் கிடைக்கிறது, உதிரி பாகமும் கிடைக்கிறது. மோட்டார் உறுதியானது. புனல் பெட்டிக்குள்ளேயே மடங்கி இருக்கும், ஒலி மூடியின் உட்பக்கம் பட்டு வெளியே வரும். அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து இவ்வளவு ஒலியா என்று முதல் தடவை கேட்கிறவர்கள் எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள்.

அதற்கு முந்தைய 101, 1925இல் வந்தது. அதுவும் நல்ல பெட்டிதான். கொலம்பியா போர்ட்டபிள்களும், தோரன்ஸ் மாதிரி சுவிஸ் மோட்டாரை வைத்து வேறு வேறு பெயரில் விற்ற பெட்டிகளும் கிடைக்கும். மேசை மேல் வைக்கும் பெரிய பெட்டிகளும் அலமாரி மாதிரி நிற்கும் பெட்டிகளும் கேட்க அருமையாக இருக்கும். ஆனால் கரையான் பார்த்து வாங்க வேண்டும், வைக்க இடமும் வேண்டும்.

பளபளக்கும் பித்தளைப் புனலோடு, நாய்ப் படம் போட்டு விற்கிறார்களே, அது அசலா?

கிட்டத்தட்ட எப்போதும் அல்ல. நம் நாட்டிலேயே புதிதாகச் செய்து உலகம் முழுக்க விற்கும் பெட்டிகள் அவை. மும்பை சோர் பஜாரிலிருந்து நம்மூர்க் கைவினைப் பொருள் கடைகள் வரை எங்கும் இருக்கும். அழகுக்காக வாங்குகிறேன் என்றால் சரி, அதற்கேற்ற விலை கொடுங்கள். நூறு வருடப் பழைய பொருள் என்று நம்பி வாங்காதீர்கள்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முதலில் புனலுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள முழங்கையைப் பாருங்கள். அசல் பெட்டியில், ஊசியைப் பிடித்து அதன் அசைவை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸிலிருந்து புனல் வரை குழாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே போகும், அதைத் தாங்கும் பிடி வார்ப்பில் நேர்த்தியாக இருக்கும். போலியில் ஒரே தடிமனான குழாயை வளைத்துப் பற்ற வைத்திருப்பார்கள், புனல் அதில் லொடலொடவென்று உட்கார்ந்திருக்கும். அடுத்து பெட்டி. எட்டு மூலையும், மேலே ஒட்டிய பித்தளைத் தகட்டு வேலைப்பாடும் இருந்தால் விலகிவிடுங்கள். கிராமபோன் கம்பெனியின் அசல் புனல்களில் பெரும்பாலானவை வண்ணம் பூசிய இரும்புத் தகடு அல்லது மரம். கடைசியாக, சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் கையான டோன் ஆர்மைத் தட்டின் நடுவே கொண்டுபோய்ப் பாருங்கள். ஊசி முனை மையக் கம்பியை ஒட்டி வர வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி நின்றால் அந்தப் பெட்டி பாட்டுக் கேட்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. தட்டை அது கோணலாக அரைத்துவிடும்.

இந்தப் போலிகளை நான் வெறுப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அவற்றுக்குள் இருக்கும் மோட்டார் பெரும்பாலும் பழைய போர்ட்டபிள் ஒன்றிலிருந்து பிடுங்கியது. ஒவ்வொரு பித்தளைப் புனலுக்குப் பின்னாலும் பிரித்துப் போடப்பட்ட நல்ல பெட்டி ஒன்று இருக்கிறது.

கடையில் வைத்தே என்னென்ன பார்க்க வேண்டும்?

சாவியைப் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். சில சுற்றில் கை கொஞ்சம் கொஞ்சமாக இறுக வேண்டும். எவ்வளவு சுற்றினாலும் இறுகவே இல்லை, இடையில் ‘கிளங்’ என்று ஒரு சத்தம் வருகிறது என்றால் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது. அது சரிசெய்யக்கூடிய கோளாறுதான், விலையைக் குறைத்துக் கேளுங்கள். சாவி வழுக்கிப் பின்னால் சுழன்றால் அதைத் தடுக்கும் பல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். கை மணிக்கட்டு பத்திரம்.

பிரேக்கை விட்டால் தட்டுமேடை சத்தமில்லாமல், சீராகச் சுற்ற வேண்டும். சவுண்ட் பாக்ஸை விரலால் அசைத்துப் பாருங்கள். புதிய ஊசி ஒன்றைப் பொருத்தி, அதன் முனையை விரல் நுனியால் லேசாக வருடுங்கள். புனலிலிருந்து உரத்த, தெளிவான சொரசொரப்பு கேட்டால் நல்லது. மந்தமாகவோ தகரம் அதிர்வது போலவோ கேட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டுப்போயிருக்கிறது.

பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். மரத்தூள் உதிர்கிறதா, திருகுத் தலைகள் சிதைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சிதைந்த திருகு என்றால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ முன்னாலேயே உள்ளே போயிருக்கிறார்கள். உள்ளே எதுவும் குறையாமல் இருக்கிறதா என்று அப்புறம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். துருவையும் அழுக்கையும் பார்த்து ஒதுக்காதீர்கள். யாரும் கை வைக்காத அழுக்குப் பெட்டி, பாலிஷ் போட்டு மினுக்கிய பெட்டியைவிட எப்போதும் மேல்.

ஒரே ஊசியை எத்தனை தட்டுக்குப் பயன்படுத்தலாம்?

ஒரு ஊசி, ஒரு பக்கம். அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் மனதில் வையுங்கள்.

காரணம் இதுதான். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு (78 தட்டு) வெறும் அரக்கு அல்ல. அரக்கோடு கல்மாவும் கரித்தூளும் பஞ்சு இழையும் கலந்து அழுத்தியது. அந்தக் கல்மாவு முதல் சில சுற்றுகளிலேயே எஃகு ஊசியின் முனையை உரசி, வரிப்பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஊசி தேய வேண்டும், தட்டு தேயக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 230 சுற்றுக்கு மேல் வரும். அதற்குள் ஊசி முனை நூறு மீட்டருக்கும் அதிகமாக உராய்ந்திருக்கும். ஒரு பக்கம் ஓடி முடித்த ஊசியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கூராக இருந்த முனையின் இரு பக்கமும் பட்டையாகி, விளிம்பு பளிச்சென்று மின்னும். அந்த விளிம்போடு அடுத்த தட்டில் வைத்தால் உளி மாதிரி வரியின் சுவரைச் செதுக்கிவிடும். பழைய தட்டுகள் சாம்பல் பூத்துக் கரகரப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். காலத்தின் மேல் பழி போடுவதற்கில்லை.

பாதியில் ஊசியைக் கழற்றி மறுபடி பொருத்துவதும் கூடாது. தேய்ந்த பட்டை வேறு கோணத்தில் உட்காரும்.

புதிய எஃகு ஊசிகளை இன்றும் செய்து விற்கிறார்கள். ஓர் ஊசிக்கு ஆகும் செலவு பெரிதில்லை. பழைய டப்பாவில் இருநூறு ஊசி இருக்கிறதே என்று மகிழாதீர்கள். பாதிப் பேர் பயன்படுத்திய ஊசியைத் திரும்ப அதே டப்பாவில்தான் போட்டிருக்கிறார்கள். முனையைப் பார்த்துப் பிரித்தெடுங்கள், துருப்பிடித்ததைத் தூக்கிப் போடுங்கள். டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தகர டப்பாக்களைச் சேர்ப்பதே தனி ஆசை.

தடித்த ஊசி உரக்கப் பாடும், மெல்லிய ஊசி மென்மையாகப் பாடும். முள் ஊசி, மூங்கில் ஊசி என்றும் உண்டு. தட்டுக்கு அவை சாதுவானவை, ஆனால் அடிக்கடி சீவ வேண்டும். முக்கோண மூங்கில் ஊசிக்கு அதே வடிவத் துளையுள்ள சவுண்ட் பாக்ஸ் வேண்டும்.

ஒலியைக் குறைக்க வழியே இல்லையா?

மெல்லிய ஊசி போடுங்கள், அல்லது கதவு உள்ள பெட்டியில் கதவைச் சாத்துங்கள். புனலுக்குள் துணி திணிப்பதும் பழைய வழக்கம்தான், ஒலி மங்கும்.

எல்பி தட்டை இதில் போடலாமா?

கூடவே கூடாது. எல்பி என்னும் நீண்ட நேரத் தட்டு 1948இல் வந்தது. அதன் வரி மிக மெல்லியது. கிராமபோனின் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கும் மேலான எடையோடு தட்டில் அழுத்தும். எல்பி ஓட்டும் இன்றைய கருவி அழுத்துவது இரண்டு கிராம் அளவில். ஒரே ஓட்டத்தில் எல்பி பாழாகிவிடும்.

78 தட்டிலும் எல்லாவற்றையும் இதில் போடக் கூடாது. எடிசனின் ‘டைமண்ட் டிஸ்க்’, பாத்தே நிறுவனத்தின் பழைய தட்டுகள் இரண்டிலும் பதிவு மேலும் கீழுமாக இருக்கும். எஃகு ஊசி அவற்றைக் கெடுத்துவிடும். இன்னொன்று, 1940களின் இறுதிக்குப் பிறகு வந்த 78 தட்டுகள். அவை ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் எடை குறைந்த பிக்கப்பை மனதில் வைத்துச் செய்தவை, கனமான சவுண்ட் பாக்ஸில் சீக்கிரம் தேயும். பல நாடுகள் 78ஐக் கைவிட்ட பிறகும் இந்தியாவில் 1960களில் அது வந்துகொண்டிருந்தது, பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே 78 தட்டில் கிடைத்தன. அதனால் நம் வீடுகளில் இருக்கும் தட்டுகளில் நிறைய இந்தக் கடைசிக் காலத்தவை. 1950களின் சினிமாப் பாட்டுத் தட்டை ஆசைக்கு ஒரு தடவை கிராமபோனில் கேளுங்கள். தினமும் கேட்க வேண்டுமென்றால் 78 ஓட்டும் மின் டர்ன்டேபிளில் போடுங்கள்.

வேகம் சரியாக 78 தான் ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை விளிம்புக்கு வெளியே நீட்டியபடி செருகுங்கள். பாட்டு ஓடும்போது, அதாவது ஊசி தட்டில் இருக்கும்போது, 20 விநாடி எண்ணுங்கள். 26 சுற்று வந்தால் சரியான 78. வெறுந்தட்டு ஓடும்போது எண்ணிப் பயனில்லை, ஊசியின் உராய்வு வேகத்தைக் குறைக்கும்.

கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையும் உண்டு. தட்டின் மேல் வைத்து மின் விளக்கில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் நகராமல் நிற்பது போலத் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 77 கோடு உள்ள அட்டை வேண்டும். அமெரிக்க அட்டையில் 92 கோடு இருக்கும், இங்கே உதவாது. அட்டையை எல்இடி விளக்கில் பார்த்தால் பல நேரம் கோடு நிற்காது. பழைய சோக் வைத்த டியூப்லைட்டிலோ குண்டு பல்பிலோ பாருங்கள்.

மிகப் பழைய தட்டுகளில் 78 என்பதே உறுதியான கணக்கல்ல. 1925இல் மின் பதிவு வருவதற்கு முந்தைய தட்டுகளில் எழுபதிலிருந்து எண்பதுக்கு மேல் வரை வேகம் மாறும். குரலைக் கேட்டு, சுருதியைப் பார்த்து நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். அதற்குத்தான் வேகத்தை மாற்றும் குமிழ்.

ஓடும்போது ‘டொம் டொம்’ என்று இடிக்கிறது, வேகம் ஏறி இறங்குகிறது. ஏன்?

ஸ்பிரிங்கில் இருக்கும் பழைய கிரீஸ் இறுகிப்போயிருக்கிறது. மூன்று நான்கு மீட்டர் நீளமுள்ள எஃகு நாடா ஒரு டப்பாவுக்குள் சுருண்டிருக்கிறது. சுருள்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் சீராக விரிய வேண்டும். கிரீஸ் காய்ந்து பசையானால் ஒட்டிக்கொண்டிருந்து திடீரென்று விடுபடும், அதுதான் அந்த இடி. டப்பாவைத் திறந்து, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிராஃபைட் கலந்த புது கிரீஸ் தடவிப் போட்டால் பெட்டி பல வருடத்துக்குப் பேசாமல் ஓடும்.

இதைச் சொல்லும்போதே எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கிராமபோனில் ஆளைக் காயப்படுத்தக்கூடிய பாகம் இது ஒன்றுதான். மோட்டாரைத் தொடும் முன் பிரேக்கை விட்டு, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். ஸ்பிரிங்கில் முறுக்கு இருக்கும்போது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றவே கூடாது. அதைத் தடுத்து வைத்திருப்பதே கவர்னர்தான். அது விலகினால் அத்தனை விசையும் ஒரே நொடியில் பற்சக்கரங்கள் வழியாகப் பாயும், பல் உடையும், விரல் அங்கே இருந்தால் அதுவும் போகும்.

முறுக்கெல்லாம் இறங்கிய பிறகும் டப்பாவுக்குள் ஸ்பிரிங் அழுத்தத்தோடுதான் இருக்கும். தடித்த தோல் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி இரண்டும் வேண்டும். டப்பாவை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, உள் முனையிலிருந்து ஒவ்வொரு சுருளாக, கட்டைவிரலால் தடுத்துத் தடுத்து வெளியே விட வேண்டும். திரும்பப் போடும்போது வெளி முனையைக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளிச்சுருளிலிருந்து உள்ளே திணித்துக்கொண்டு வர வேண்டும். முதல் முறை செய்கிறவர் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்வதே நல்லது. அப்படி ஒருவர் இல்லையென்றால் பழைய கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் போங்கள், ஸ்பிரிங்கின் குணம் அவருக்குத் தெரியும்.

அறுந்த ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடும் முன் எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள். முனைக்குப் பக்கத்தில் என்றால் அந்த முனையை மட்டும் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு, எஃகு இளகிய பிறகு புதுத் துளை போட்டுவிடலாம். கொஞ்சம் நீளம் குறையும், பாதகமில்லை. நடுவில் அறுந்தால் புதிது வாங்குவதுதான் வழி. அகலம், தடிமன், நீளம், முனையின் வடிவம் நான்கையும் அளந்து சொல்லி வாங்குங்கள்.

எண்ணெய் எங்கே விட வேண்டும்?

அச்சுகள் சுழலும் இடங்களில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பற்சக்கரத்தில் கொஞ்சம் கிரீஸ். கவர்னரின் வட்டத் தகட்டை உரசும் தோல் துண்டிலோ கம்பளித் துண்டிலோ ஒரே ஒரு சொட்டு எண்ணெய். கிரீச்சென்று கத்துவதும் வேகம் நடுங்குவதும் பல நேரம் அந்தத் துண்டு காய்ந்துபோனதால்தான். மோட்டாரை மொத்தமாகக் கழற்றும் முன் இதைச் செய்து பாருங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது காய்ந்து பிசினாகிவிடும்.

சவுண்ட் பாக்ஸ் கரகரக்கிறது, பிரித்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் செத்த பெட்டிக்கு உயிர் வந்துவிடும்.

எச்எம்வி 4ஆம் எண் சவுண்ட் பாக்ஸ் மாதிரி அப்பிரகத் (மைக்கா) தகடு உள்ளதை எடுத்துக்கொள்வோம். ஊசியைப் பிடிக்கும் சிறு தண்டு ஒன்று முன்னால் இருக்கும். அதன் மறுமுனை தகட்டின் நடுவில் ஒரு குட்டித் திருகால் பிணைந்திருக்கும். தகட்டுக்கு இரு பக்கமும் ரப்பர் வளையம். நூறு வருடத்தில் கெட்டுப்போவது இந்த ரப்பர்தான், கல் மாதிரி இறுகிவிடும். தகடு தாராளமாக அதிர முடியாது, விளிம்பில் காற்றும் கசியும்.

முதலில் நடுத்திருகின் மேல் இருக்கும் மெழுகைச் சுரண்டிவிட்டுத் திருகைக் கழற்றுங்கள். பிறகு பின்தகட்டின் திருகுகள். பழைய ரப்பரை இரும்பால் நெம்பாதீர்கள், மூங்கில் குச்சியால் எடுங்கள். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் இதழ் இதழாகப் பிரிந்து வெளுத்திருந்தால் அது மாற்ற வேண்டிய தகடு. நன்றாக இருந்தால் மென்மையான துணியால் துடைத்து வையுங்கள். புது வளையத்துக்கு மெல்லிய, உள்ளே துளையுள்ள ரப்பர் அல்லது சிலிக்கான் குழாய் வேண்டும். இரண்டு முனையும் சரியாக முட்டும் நீளத்துக்கு வெட்டுங்கள். இடைவெளி விட்டால் காற்று கசியும், ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் தகடு கோணலாகும்.

திரும்பப் பூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஊசித் தண்டின் நுனி, திருகு போடும் முன்பே தகட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். திருகை இறுக்கித் தகட்டை இழுத்து வரக் கூடாது. தண்டைப் பிடித்திருக்கும் சிறு ஸ்பிரிங்குகளைத் தளர்த்தி, இறுக்கி இந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். கடைசியாகத் திருகின் மேல் தேன்மெழுகு ஒரு துளி. சவுண்ட் பாக்ஸ் டோன் ஆர்மில் பொருந்தும் இடத்தில் இருக்கும் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். இதை மறந்துவிட்டு, எல்லாம் செய்தும் கனத்த ஒலி வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் நிறைய.

102இல் வரும் அலுமினியத் தகட்டு சவுண்ட் பாக்ஸுக்கும் இதேதானா?

அங்கே கொஞ்சம் பயப்பட வேண்டும். 5ஏ, 5பி போன்ற சவுண்ட் பாக்ஸ்களின் உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு. அந்தக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் இருந்தால் வருடங்கள் போகப் போக உலோகமே வீங்கி விரிசல் விடும். ஒட்டவோ பற்ற வைக்கவோ முடியாது. டோன் ஆர்மில் சிக்கிக்கொண்டால் முறுக்கிப் பிடுங்காதீர்கள், கையோடு உடைந்து வரும். முடி உலர்த்தும் கருவியால் மெதுவாகச் சூடேற்றி, இப்படியும் அப்படியும் நூலளவு அசைத்துக் கழற்றுங்கள். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் பிரிக்க வேண்டாம், மாற்று தேடுங்கள்.

திருகுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எச்எம்வி பெட்டிகளில் இருப்பது பழைய பிரிட்டிஷ் பிஏ மரை. நம் கடையில் கிடைக்கும் மெட்ரிக் திருகு சேர்வது போலத் தெரியும், இரண்டு சுற்றில் மரையை அழித்துவிடும். கழற்றிய ஒவ்வொரு திருகையும் பெயர் எழுதிய காகிதத்தில் மடித்து வையுங்கள்.

தட்டுகளை எப்படிச் சுத்தம் செய்வது? பூஞ்சை பிடித்திருக்கிறது.

ஸ்பிரிட், சானிடைசர், கொலோன் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. அரக்கு சாராயத்தில் கரையும். துடைக்கத் துடைக்கப் பாட்டே கரைந்து துணியில் வந்துவிடும்.

ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் போதும். நடுவில் உள்ள லேபிள் நனையாமல் தட்டைச் சாய்த்துப் பிடித்து, மென்மையான பிரஷால் வரியின் போக்கிலேயே தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, பஞ்சுத் துணியால் ஒற்றி, நிழலில் நிறுத்தி வையுங்கள். டைமண்ட் டிஸ்க் தட்டில் மட்டும் தண்ணீர் படவே கூடாது, அது ஊறிப் பிளந்துவிடும்.

சென்னை மாதிரி கடலோர ஊர்களில் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும். பழைய காகித உறைகளை மாற்றுங்கள், பூச்சியும் ஈரமும் அங்கேதான் தங்கும். கடைப் பெயர் அச்சிட்ட அழகான உறை என்றால் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டுகளை நேராக நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பது விரிசல் விடும். மே மாதத்தில் காருக்குள் விட்டு இறங்காதீர்கள். வளைந்த தட்டை இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே வைத்து, இளஞ்சூட்டில், மேலே கொஞ்சம் எடை வைத்து மெதுவாக நிமிர்த்தலாம். அவசரப்பட்டால் விரிசல் விடும்.

மரப்பெட்டிக்கு வார்னிஷ் அடிக்கலாமா?

வேண்டாம். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கை எடுத்து, மெழுகு பூசினால் போதும். பழைய பாலிஷும் அரக்குதான், ஸ்பிரிட் பட்டால் அதுவும் போகும். கறுப்பு உறை போட்ட போர்ட்டபிளுக்கு நிறமற்ற ஷூ பாலிஷ் நன்றாக இருக்கும். நிக்கல் பூச்சு மிக மெல்லியது, பித்தளை தேய்க்கும் பொடியைக் கொண்டு அதைத் தேய்க்காதீர்கள்.

தமிழ்த் தட்டுகளில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் நிறுத்த மனம் வராது. கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜான் உள்ளிட்டவர்களைப் பதிவு செய்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாகி வந்தன. பாட்டின் முடிவில் பாடகியே தன் பெயரைச் சொல்வது பழைய தட்டுகளில் உண்டு. பாடியது யாரென்று அங்கிருந்த தொழிலாளிகளுக்குத் தெரிய வேண்டுமே! 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்தது, பிறகு 1928இல் டம்டமுக்கு மாறியது. உலகத்துத் தட்டுகளுக்கெல்லாம் வேண்டிய அரக்கில் பெரும்பங்கு சோட்டா நாக்பூர் காடுகளிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

நாய்ப் படத்துக்குப் பதில் தேவதை உட்கார்ந்து எழுதும் படம் லேபிளில் இருந்தால் தட்டு மிகப் பழையது. உடனே பத்திரப்படுத்துங்கள், எஃகு ஊசியில் போடாதீர்கள். கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்களின் குரல் நமக்குக் கிடைப்பது அந்தக் காலத் தட்டுகளால்தான். கச்சேரியில் மணிக்கணக்கில் விரிந்த ராகத்தை மூன்று நிமிடத்துக்குள் எப்படி அடக்கினார்கள் என்று கேட்பதே ஒரு பாடம்.

அடுத்த கட்டம் நாடகப் பாட்டு. பேசும் படம் வரும் முன்பே எஸ்.ஜி. கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் ஊர் ஊராகக் கொண்டுபோனது தட்டுதான். எச்எம்வி, கொலம்பியாவோடு, பின்னாளில் படமுதலாளியான ஏவி. மெய்யப்பன் பங்குதாரராக இருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ் 1930களில் ஓடியன் தட்டுகளை வெளியிட்டது. பாட்டு வரிகளை அச்சிட்ட சிறு புத்தகங்களும் வந்தன. பழைய புத்தகக் கடையில் அவை கண்ணில் பட்டால் விடாதீர்கள், லேபிள் கிழிந்த தட்டை அடையாளம் காண உதவும்.

சினிமாப் பாட்டுக்குத்தான் சந்தையில் விலை. நான் காசு கொடுப்பதாக இருந்தால் நாதஸ்வரத் தட்டுகளுக்கும் நகைச்சுவைப் பேச்சுத் தட்டுகளுக்கும் கொடுப்பேன். அவற்றைத் தேடுகிறவர்கள் குறைவு, அதனாலேயே அவை காயலான் கடை வரை போய் உடைகின்றன.

மின் மோட்டாரும் புளூடூத்தும் வைத்து மாற்றிக்கொள்ளலாமா?

செய்யாதீர்கள். புளூடூத் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பெட்டி கிடைக்கிறது. வெளிநாட்டு உறவினருக்குப் பெட்டியை அனுப்புவதாக இருந்தால் இன்னொன்று: நூறு வயதைத் தாண்டிய பொருள் என்று சந்தேகம் வந்தால் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி இல்லை, தாத்தா விட்டுப்போன தட்டுகள் மட்டும் இருக்கின்றன. என்ன செய்ய?

முதலில் எதையும் ஓட்டாதீர்கள். லேபிளைப் படம் எடுங்கள். லேபிளுக்கும் வரி முடியும் இடத்துக்கும் நடுவே உள்ள வெற்றுப் பரப்பில் சிறு எண்கள் பொறித்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிவு, ஏறக்குறைய எந்தக் காலம் என்பதை அந்த எண் சொல்லும். விரிசல் உள்ளவற்றைத் தனியாக வையுங்கள், வரியின் மேல் பசை தடவாதீர்கள்.

பதிவு செய்துகொள்ள 78 வேகம் உள்ள மின் டர்ன்டேபிள் போதும், ஆனால் ஊசி மாற வேண்டும். எல்பி ஊசியின் முனை 78 தட்டின் அகன்ற வரியில் அடிவரை இறங்கித் தூசியைத்தான் வாசிக்கும். 3 மில், அதாவது ஏறக்குறைய 75 மைக்ரான் முனை உள்ள ஊசியைக் கேட்டு வாங்குங்கள். முதலில் இரைச்சலோடு அப்படியே பதிவு செய்து ஒரு பிரதியைத் தொடாமல் வைத்துவிடுங்கள். இரைச்சல் நீக்கும் வேலையை வேறு பிரதியில் செய்யுங்கள், இன்றைய மென்பொருள் குரலையும் சேர்த்து வழித்துவிடுகிறது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பாட்டின் முதல் அடியோடு அந்தப் பொறித்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே பாட்டை நாலு பேர் பாடித் தட்டு வந்திருக்கும், எண் ஒன்றுதான் குழப்பாது.